கரைவதே அதன் வேலை

பாய்மரப் படகை வார் போட்டு மேலே தூக்கியதும் வெட்கமாகிவிட்டது. அடியெல்லாம் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சின்னக் கடலுயிர்), நடுநடுவே பச்சைத் தாடி.

"காஞ்சிட்டா சிமெண்டு மாதிரி ஒட்டிக்கும் அண்ணே, இப்பவே சுரண்டுங்க" என்றார் மலேசியாவின் லங்காவித் தீவில், படகு பழுதுபார்க்கும் யார்டில் வேலை பார்க்கும் தமிழ்த் தம்பி.

போன வருடம் முறுக்கிய துத்தநாகக் கட்டி, தேய்ந்த குளியல் சோப்பாகத் தொங்கியது. உப்புநீரில் அது கரைந்தால்தான் புரொப்பெல்லரின் வெண்கலம் தப்பும்.

1987 முதல் இது வரியில்லாத் தீவு. சரி, ஆனால் பெரிய மிச்சம், சுரண்டலை நம்மையே செய்ய விடுகிற யார்டில்தான் (நிஜச் சுரண்டலைச் சொல்கிறேன்). சில இடங்களில் விடவே மாட்டார்கள்.

கரையில் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை. பெயின்ட் அடிக்க ஈரம் காய வேண்டும்.

டப்பாவைத் திறந்தேன். மழை பிடித்துக்கொண்டது.