சிபி/எம் போர்டு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கேரி கில்டால் 1974-ல் எழுதிய சிபி/எம் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை ஓட்டிப் பார்க்கப் பழைய பெட்டியைத் தேடி அலைய வேண்டாம்; புதுக் கிட்டுகள் இருக்கின்றன. ஆனால் இசட்80 என்ற 8-பிட் பிராசஸர் இருக்கிற போர்டிலெல்லாம் சிபி/எம் ஓடிவிடாது. அதன் புரோகிராம்கள் 0100 ஹெக்ஸ் முகவரியில் ஏறுபவை, ஆகவே மெமரியின் அடியிலிருந்தே ரேம் வேண்டும். இசட்80-யோ ரீசெட் ஆனதும் 0000-ல்தான் முதல் கட்டளையைத் தேடும். அங்கே, பவர் போனாலும் அழியாத ரோம் இருந்தாக வேண்டும். பூட் ஆனபின் ரோமை விலக்கி ரேமைக் கொண்டுவரும் சர்க்யூட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பேசிக் மட்டும் ஓடும் அடிப்படை ஆர்சி2014 கிட்டில் அது கிடையாது. புரோ மாடலில் உண்டு.

இசட்80-எம்பிசி2 என்ற கிட் இதைக் குறுக்கு வழியில் தீர்க்கிறது. ரோமே இல்லை. அட்மெகா32ஏ என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப், டேட்டா பஸ்ஸில் கட்டளைகளை ஊட்டி, இசட்80-ஐக் கொண்டே ரேமை நிரப்பவைக்கிறது. மொத்தம் நாலே சிப். டிஸ்க் எல்லாம் மைக்ரோ எஸ்டியில் ஃபைலாக இருக்கும். மலிவுக்கு இதுதான். நிம்மதிக்கு எஸ்சி126 கிட்: 18.432 மெகாஹெர்ட்ஸ் இசட்180 (இசட்80 புரோகிராம்களை ஓட்டும் பிராசஸர்), ரோம் 512 கேபி, ரேம் 512 கேபி. ரோமில் ரோம்டபிள்யூபிடபிள்யூ ஃபர்ம்வேர் இருப்பதால் எஸ்டி கார்டே செருகாமல் சிபி/எம் ப்ராம்ப்ட்வரை போய்விடலாம். சாலிடர் சரியா என்று பார்க்க இதைவிட வசதி வேறில்லை. என் ஓட்டு இதற்கே.

இசட்180 கொண்ட எஸ்சி126-ஐத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. தனி இசட்80 சிப்பை நிறுத்துவதாக சைலாக் 2024-ல் அறிவித்தது. கடைசி ஆர்டர் ஜூன் 14. இப்போது ஏலத் தளங்களில் வருவதில், என்மாஸ் என்ற பழைய வகைச் சிப்பைச் சுரண்டி, சிமாஸ் வகையின் 'இசட்84சி0010' பெயரை அச்சடித்ததும் கலந்திருக்கிறது. எம்பிசி2-வுக்கு சிமாஸ்தான் வேண்டும். என்மாஸின் 'ஹை', அதாவது 1-ஐக் குறிக்கும் வோல்ட்டேஜ், 2.4 வோல்ட்வரை இறங்கலாம். 5 வோல்ட்டில் ஓடும் 74எச்சி லாஜிக் சிப் அதை 'ஹை' என்று எடுத்துக்கொள்ள ஏறக்குறைய 3.5 வேண்டும். போர்டு ஒருநாள் பூட் ஆகும், மறுநாள் ஆகாது.

ஆர்சி2014-ல் போர்ட் 0-க்கு 8 எல்இடி உள்ள டிஜிட்டல் ஐ/ஓ போர்டு இருந்தால் சிப்பைச் சோதித்துவிடலாம். சிபி/எம்-இன் டீபக்கரான டிடிடி-யைத் திறந்து எஸ்100 அடித்து, 01 00 00 இடி 71 18 எஃப்இ என்ற ஏழு பைட்டுகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். புள்ளி வைத்து முடித்து ஜி100. சைலாக் ஆவணத்தில் இல்லாத இடி 71 கட்டளை, போர்ட்டுக்கு என்மாஸில் 00 அனுப்பும், சிமாஸில் எஃப்எஃப். எட்டும் எரிந்தால் சிமாஸ். எல்லாம் அணைந்தால் சிப்பைத் திருப்பி அனுப்புங்கள். வெளியே வர ரீசெட்தான்.

போர்டைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சீரியல் ஒயரில் கஞ்சத்தனம் வேண்டாம். டிஎக்ஸ், ஆர்எக்ஸ், கிரவுண்ட் மூன்றை மட்டும் இணைத்தால் கையால் தட்டும்வரை எல்லாம் சரியாகத் தெரியும். நீளமான டெக்ஸ்டை பேஸ்ட் செய்ததும் நடுநடுவே எழுத்து காணாமல் போகும். 'கொஞ்சம் பொறு' என்று சொல்ல உதவும் ஆர்டிஎஸ், சிடிஎஸ் ஒயர் இரண்டையும் இணைத்து, டெர்மினலில் ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோலை ஆன் செய்யுங்கள். பவருக்கு, கேபிளின் 5 வோல்ட், தனி அடாப்டர் இரண்டில் ஒன்றை மட்டும் இணையுங்கள்.