வினைல் கோணிக்கிட்டு போனா மெஷினுக்கு பின்னாடி போய் பாருங்க

நாலு மீட்டர் நீளத்துக்கு வினைல் ஸ்டிக்கர்ல ஒரே பட்டை, 40 மில்லிமீட்டர் அகலம், ஒரு வேனோட பக்கவாட்டுல ஒட்டுறதுக்கு. டிசைன்னு சொல்ல ஒண்ணும் இல்ல, வெறும் நீள செவ்வகம். நான் கட்டிங் வேலைக்கு சேர்ந்த முதல் வருஷம் அது, ஃபைலை அனுப்பி விட்டுட்டு கட்டர் (ஃபைல்ல இருக்குற வடிவத்தை வினைல்ல வெட்டுற மெஷின்) ஓடுற சத்தம் சீரா வருதேன்னு நம்பிக்கையோட அடுத்த ஃபைலை திறந்து வேலை பாக்க ஆரம்பிச்சுட்டேன். கொஞ்ச நேரத்துல சத்தம் மாறுச்சு. ஓடிப்போய் பாத்தா வினைலோட வலது ஓரம், மேல இருந்து அமுக்கி பிடிக்கிற பின்ச் ரோலருக்கு அடியில இருந்து நழுவி வெளிய வந்திருந்தது, இடது பக்கம் மட்டும் ரோலர் பிடிச்சு இழுக்குறதால நடுவுல ஒரு மடிப்பு எழும்பி, பிளேடு மாட்டியிருக்குற ஹெட் அதுல போய் மோதி, பிளேடு வினைலுக்கு அடியில இருக்குற பேக்கிங் பேப்பரோட சேர்த்து கிழிச்சுட்டு போயிருந்தது.

மறுபடி போட்டேன். இந்த தடவை கிழியல, ஆனா ஆரம்பிச்ச புள்ளியும் முடிஞ்ச புள்ளியும் சேரல. ரெண்டுக்கும் நடுவுல மூணு மில்லிமீட்டர் இடைவெளி. மெஷின் பழசாயிடுச்சு, ரோலர் போயிடுச்சுன்னு தான் எனக்கு முதல்ல தோணுச்சு.

அங்க பல வருஷமா கட்டிங் பாத்துட்டு இருந்த ஒரு அண்ணன் வந்து மெஷின் ஸ்கிரீனை எட்டி கூட பாக்கல. "தம்பி, முன்னாடி நின்னா உனக்கு தப்பு நடந்து முடிஞ்சது தான் தெரியும், பின்னாடி வா"ன்னு கூட்டிட்டு போய் காட்டுனாரு. ரோல் ஸ்டாண்ட்ல கொஞ்சம் ஒருக்களிச்சு உக்காந்திருந்தது. ரோலுக்கும் கட்டருக்கும் நடுவுல வர்ற வினைல்ல ஒரு ஓரம் விறைப்பா இருக்கு, இன்னொரு ஓரம் லேசா தொளதொளன்னு அலையுது. அவ்வளவு தான் விஷயம். அன்னைக்கு நான் கத்துக்கிட்டது இத்தனை வருஷம் கழிச்சும் மாறல, வினைல் கட்டருக்குள்ள கோணுறது ரொம்ப அபூர்வம், வரும்போதே கோணலா தான் வருது.

இதை புரிஞ்சுக்க மெஷின் எப்படி இழுக்குதுன்னு பாக்கணும். கீழ கிரிட் ரோலர், உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பா இருக்கும், மோட்டார் அதை தான் சுத்துது. மேல பின்ச் ரோலர், ரப்பர், அது வெறுமனே அமுக்கி பிடிக்குது. வினைலை நேரா போகச் சொல்லி ரெண்டு பக்கமும் சுவர் மாதிரி எதுவும் கிடையாது, துளை போட்டு பல்லுல மாட்டி இழுக்குற ஏற்பாடும் பெரும்பாலான மெஷின்ல இல்ல. ரெண்டு ஓரத்துலயும் இருக்குற பிடி மட்டும் தான். ஒரு ஓரத்துல இழுவை அதிகமா இருந்தா அந்த பக்கம் துளி துளியா வழுக்கும், ஒவ்வொரு சுத்துலயும் ஒரு மயிரிழை தான், ஆனா அது சேர்ந்துக்கிட்டே போகும்.

சாய்வோட கணக்கும் இதே மாதிரி தான். ரோலுக்கும் பின்ச் ரோலருக்கும் நடுவுல 300 மில்லிமீட்டர் தூரம்னு வச்சுக்கோங்க. அந்த தூரத்துல வினைல் வெறும் 1 மில்லிமீட்டர் சாய்ஞ்சு உக்காந்திருக்கு, கண்ணுக்கு நேரா தான் தெரியும். 3 மீட்டர் ஓடும்போது அது 10 மில்லிமீட்டர் ஆயிடும், 4 மீட்டர்ல 13. பின்ச் ரோலர் ஓரத்துல இருந்து 10 மில்லிமீட்டர் உள்ள தள்ளி இருந்தா மூணாவது மீட்டர்லயே வெளிய விழுந்துடும். அரை மீட்டர் பெயர்ப்பலகை வெட்டுறப்ப ஒரு குறையும் தெரியாம இருந்த அதே மெஷின், நீள வேலைல மட்டும் சொதப்புறதுக்கு காரணம் இது தான்.

அதனால லோடு பண்றதுல நான் அவசரப்படுறதே இல்ல. ரோல்ல இருந்து ஒரு மீட்டர் இழுத்து, அதை அப்படியே திருப்பி ரோல் மேலயே போட்டு பாப்பேன், பக்க ஓரம் ரோலோட ஓரத்தோட ரெண்டு பக்கமும் சரியா பொருந்துதான்னு. பொருந்தலன்னா ரோலே ஒழுங்கா சுத்தல, தொலைநோக்கி இழுத்த மாதிரி ஒரு பக்கம் பிதுங்கி இருக்கும், அதை பிரிச்சு திரும்ப இறுக்கமா சுத்துனா தான் உண்டு. இன்னொண்ணு, கத்தரிக்கோலால நாம வெட்டுன முன் ஓரத்தை வச்சு நேர் பாக்காதீங்க, அது எப்பவும் கோணல் தான். கம்பெனில இருந்து வெட்டி வந்த பக்க ஓரம் மட்டும் தான் நம்பகமானது. மெஷினுக்கு பின்னாடி ஒரு அளவுக்கோடு, முன்னாடி ஒரு அளவுக்கோடு, ரெண்டுலயும் பக்க ஓரம் ஒரே எண்ணுல நிக்கணும். அப்புறம் ரெண்டு கையையும் ரெண்டு மூலைல வச்சு, ஒரே அளவு பலத்தோட முன்னாடி லேசா இழுத்து பிடிச்சுக்கிட்டு, பின்ச் ரோலரை அமுக்குற லிவரை இறக்கணும். ஒரு கையால இழுத்துட்டு இன்னொரு கையால லிவரை இறக்குறவங்கள நிறைய பாத்திருக்கேன். கோணல் அந்த நொடியில தான் உள்ள போகுது. லிவருக்கு ஆள் வேணும்னா கூப்பிடுங்க, அதுல ஒண்ணும் தப்பில்ல.

பின்ச் ரோலர் கிரிட் ரோலர் மேல தான் உக்காரணும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் மிச்ச துண்டு வினைல் போடும்போது அகலத்துக்கு ஏத்த மாதிரி நகர்த்திட்டு பாதி வெளிய நிக்க விட்டுடுவோம். அமுக்கம் மாத்துற வசதி இருந்தா ரெண்டு ஓரமும் ஒரே அளவு, நடு ரோலர் அதைவிட குறைச்சல். நடுவுலயும் இறுக்கி பிடிச்சா வினைல் அலை அலையா எழும்பும்.

லோடு சரியா இருந்தும் கோணுதா, அப்ப இழுவையை பாக்கணும். முழு ரோல் நல்ல கனம் இருக்கும். மெஷின் வெட்டிக்கிட்டே அந்த கனத்தை படக் படக்னு இழுத்தா, ஒவ்வொரு இழுப்புலயும் கிரிட் ரோலர் மேல வினைல் கொஞ்சம் வழுக்கும். அதனால வேலைக்கு தேவையான நீளத்தை முன்கூட்டியே ரோல்ல இருந்து இறக்கி பின்னாடி தொங்கலா விடணும். தொங்கல் தரையை தொடக்கூடாது, சுவத்துல உரசக்கூடாது, ஸ்டாண்ட் கால்ல மாட்டக்கூடாது. ஃபேன் காத்து அடிச்சு அது ஆடுனா கூட போதும், நீள கோடு நெளியும். ரொம்ப நீள வேலைன்னா பக்கத்துலயே நின்னு ரெண்டு ரெண்டு மீட்டரா இறக்கி விடுறேன். முன்பக்கத்தையும் கவனிக்கணும், வெட்டி முடிஞ்ச பகுதி சுருண்டு மெஷினுக்கு அடியில போய் ஒட்டிக்கிட்டா, திரும்பி உள்ள போகும்போது அது தான் இழுத்து பிடிக்கும்.

வெட்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி முழு நீளத்தையும் ஒரு தடவை மெதுவா வெளிய ஓட்டி திரும்ப உள்ள வாங்குறது என்னோட பழக்கம். நேரம் வீண்னு சில பேர் நினைக்கிறாங்க. ஆனா அந்த ஓட்டத்துல கிரிட் ரோலரோட சொரசொரப்பு பேக்கிங் பேப்பர்ல ஒரு தடம் பதிக்கும், வெட்டும்போது வினைல் அதே தடத்துல தான் போய் வரும். கோணல் இருந்தா பிளேடு கீழ இறங்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும், 3 மீட்டர் ஓட்டி ஓரம் 1 மில்லிமீட்டருக்கு மேல நகர்ந்தா நான் லிவரை தூக்கிட்டு முதல்ல இருந்து போடுறேன், எவ்வளவு அவசர வேலையா இருந்தாலும் சரி.

பிளேடுக்கும் இதுல பங்கு இருக்குன்னு எனக்கு ரொம்ப லேட்டா தான் உறைச்சுது. சாதாரண காலண்டர்டு வினைல் (உருளைகளுக்கு நடுவுல அழுத்தி செஞ்சது) 70, 80 மைக்ரான், காஸ்ட் வினைல் (திரவமா ஊத்தி செஞ்சது) சுமாரா 50. அந்த தடிமனை மட்டும் வெட்டி பேப்பர் மேல ஒரு கீறல் விழுந்தா போதும். பிளேடு அதிகமா வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா அது வெட்டாது, உழும், அந்த எதிர் இழுப்பே வினைலை நகர்த்திடும். வேகமும் அப்படி தான், நீள வேலைக்கு பாதியா குறைச்சுடுவேன். சாஃப்ட்வேர்ல வெட்டுற வரிசையையும் பாக்கணும், ஒரு எழுத்தை முடிச்சுட்டு பக்கத்து எழுத்துக்கு போற மாதிரி இருக்கணும், இல்லாட்டி நாலு மீட்டரையும் முன்னும் பின்னும் இருபது தடவை ஓட்டி எடுத்துடும். நீள பட்டையை ஒரே வெட்டா போகாம ஒன்றரை மீட்டர் துண்டுகளா பிரிச்சு, ஒரு சென்டிமீட்டர் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற மாதிரி வெட்டுறதும் நல்ல வழி தான்.

ரோலை எப்படி வைக்கிறோம்ங்கறது தனி கதை. படுக்க வச்சு அடுக்குனா அடியில இருக்குறது தட்டையாகி, சுத்தும்போது தடக் தடக்னு குதிக்கும். நிக்க வைங்க, இல்ல நடு குழாய்ல கம்பி விட்டு தொங்க விடுங்க. ஆனா நிக்க வைக்கும்போது தரைல டங்குன்னு போட்டீங்கன்னா ஓரம் நசுங்கிடும், நசுங்குன ஓரம் பின்ச் ரோலருக்குள்ள போகும்போது பிடி மாறும். பேக்கிங் பேப்பர் ஈரத்தை இழுத்து விரியும், அதனால வேற ரூம்ல இருந்த ரோலை எடுத்த உடனே போடாம, முடிஞ்சா ஒரு நாள் மெஷின் இருக்குற ரூம்லயே வச்சு எடுங்க. கிரிட் ரோலர்ல பேப்பர் தூசி அடைச்சுக்கிட்டா சொரசொரப்பு போயிடும், அதை பல் தேய்க்கிற பிரஷ்ஷால தேய்ச்சாலே வந்துடும். வழுவழுன்னு ஆயிட்ட பின்ச் ரப்பரை மட்டும் மாத்தி தான் ஆகணும்.

போன வாரம் புதுசா வந்த தம்பி ஒருத்தன் ஆறு மீட்டர் பட்டை போட்டான். ரோலை ஸ்டாண்ட்ல வச்ச உடனே நான் சொல்லாமலே மெஷினுக்கு பின்னாடி போய் குனிஞ்சு ரெண்டு ஓரத்தையும் விரலால தட்டி பாத்தான், ஒரு பக்கம் தொளதொளன்னு இருந்துச்சு போல, லிவரை தூக்கிட்டு திரும்ப போட்டான். "அண்ணே, லிவரை இறக்குங்க, நான் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கறேன்"னான். இறக்குனேன். ஆறு மீட்டரும் ஓடி முடிஞ்சப்ப, ஆரம்பிச்ச புள்ளியும் முடிஞ்ச புள்ளியும் சேர்ற இடத்தை நகத்தால தடவி பாத்தேன், எங்க சேர்ந்துச்சுன்னே கண்டுபிடிக்க முடியல. வீடிங் பண்ணும்போது, அதாவது வேண்டாத வினைலை உரிச்சு எடுக்கும்போது, சுத்தி இருந்த வினைல் முழுசும் ஒரே இழுப்புல உரிஞ்சு வந்துச்சு.