கூரியர் ஏபிஐயின் பிழைகளோடு மல்லுக்கட்டியது

ஒரு ஜவுளிக்கடையின் ஆர்டர் மென்பொருளைக் கூரியர் நிறுவனம் ஒன்றின் ஏபிஐயோடு (மென்பொருள்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வழி) இணைத்திருந்தார்கள். அதைச் சரிசெய்யும் வேலை எனக்கு வந்தது. எந்தப் பிழை வந்தாலும் திரையில் "ஏதோ தவறு, பிறகு முயலவும்" என்று மட்டும் காட்டும். பார்சல் கட்டும் அக்கா அதை வைத்து என்ன செய்வார்? பின்கோடில் ஓர் இலக்கம் விட்டுப்போயிருக்கிறதா, கூரியர் சர்வரே படுத்துவிட்டதா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

முதலில் ஒவ்வொரு பிழைப் பதிலையும், எண், ஹெடர் (பதிலைப் பற்றிய குறிப்புகள்), பாடி (பதிலின் உள்ளடக்கம்) எல்லாம் சேர்த்து, லாகில், அதாவது பதிவுக் கோப்பில், பதியவைத்தேன். நம்மை அடையாளம் காட்டும் ரகசியச் சாவியான டோக்கனை மட்டும் மறைத்துவிட்டேன்.

பதிலோடு வரும் மூன்றிலக்க எண்ணில் 400 வரிசை நம் தவறு, 500 வரிசை அவர்கள் தவறு என்றுதான் பொதுவாகச் சொல்லித்தருவார்கள். எனக்குக் கைகொடுத்தது வேறொரு கேள்வி: இதே கோரிக்கையை அப்படியே மறுபடி அனுப்பினால் பதில் மாறுமா? 422 (தரவு செல்லாது) வந்தால் மாறாது, தரவைத் திருத்தியாக வேண்டும். 401க்கு (அடையாளம் ஏற்கப்படவில்லை) டோக்கனைப் புதுப்பித்து ஒருமுறை அனுப்பிப் பார்க்கலாம். 429 (அளவுக்கு மீறிய கோரிக்கைகள்) மட்டும் காத்திருந்தால் சரியாகிவிடும். எவ்வளவு நேரம் என்பது ரீட்ரை-ஆஃப்டர் ஹெடரில் வரும். அது விநாடிக் கணக்காகவும் இருக்கலாம், தேதியும் நேரமுமாகவும் இருக்கலாம். நிரலுக்கு இரண்டையும் படிக்கத் தெரிய வேண்டும்.

502 (இடையில் நிற்கும் சர்வருக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை) வந்தபோது லாகில் கிடந்தது, ஜேசனின் (ஏபிஐ தரவை அனுப்பும் எழுத்து வடிவம்) முதல் எழுத்தே '<' என்ற புகார். அந்த இடைச் சர்வர், அதாவது ப்ராக்ஸி, ஒரு எச்டிஎம்எல் பக்கத்தை அனுப்பியிருக்கிறது. நிரல் அதை ஜேசனாகப் படிக்கப் போய் விழுந்து, உண்மையான பிழையையே மறைத்துவிட்டது. இப்போது பதில் எந்த வடிவம் என்று சொல்லும் கன்டென்ட்-டைப் ஹெடரைப் பார்த்த பிறகுதான் பாடியைத் தொடுகிறது.

ரொம்ப நேரம் எடுத்தது 504தான், அதாவது குறித்த நேரத்துக்குள் பதில் வராதது. பதில் வரவில்லை என்பதால் புக்கிங் நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. புக்கிங்கைப் பதியும் போஸ்ட் கோரிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு திரும்ப அனுப்பினால் ஒரே சேலைக்கு இரண்டு பார்சல் பதிவாகும், பதிவாகியும் இருந்தது. அதனால் 504 வந்தால் நம் ஆர்டர் எண்ணை வைத்து முதலில் கெட் (தகவலை மட்டும் கேட்கும் கோரிக்கை) அனுப்பிப் பார்க்கிறேன். புக்கிங் இருந்தால் நிரல் அதையே எடுத்துக்கொள்கிறது. இல்லாவிட்டால் அதே எண்ணோடு மறுபடி போஸ்ட், 1, 2, 4, 8 விநாடி என்று இடைவெளியைக் கூட்டி. தேங்கிய ஆர்டர்கள் எல்லாம் ஒரே நொடியில் போய் மோதாதபடி கொஞ்சம் தற்செயல் தாமதமும் சேர்த்தேன். முந்தைய புக்கிங் தாமதமாகப் பதிவாகியிருந்தால் 409 (ஏற்கெனவே இருப்பதோடு மோதுகிறது) வரும். அந்த இடத்தில் அது நல்ல செய்தி!

அப்புறம், 200 (வெற்றி) என்று சொல்லிவிட்டு பாடிக்குள் தோல்வி என்று எழுதி அனுப்புவதும் உண்டு. அந்த ஊருக்கு டெலிவரி இல்லை என்பது அப்படித்தான் வருகிறது. இது மோசமான வழக்கம் என்றே நினைக்கிறேன்.

பிழைப் பதிலுக்கென்றே ஆர்.எஃப்.சி. 9457 என்ற இணையத் தர ஆவணத்தில் ஒரு பொது வடிவம் 2023 முதல் இருக்கிறது. பிழையின் வகையைத் தனிப் புலமாகவே அதில் தரலாம். இந்த நிறுவனம் வெறும் ஆங்கில வாக்கியத்தைத்தான் தருகிறது. அதை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் "பின்கோடு 6 இலக்கம் இருக்க வேண்டும்" என்று அக்காவுக்குத் தமிழில் காட்டுகிறேன். அவர்கள் வாக்கியத்தை மாற்றினால் இது உடையும். ஒவ்வொரு பிழைக்கும் நிலையான குறியீடு ஒன்று கேட்டு எழுதியிருக்கிறேன்.