ஆயிரம் பீடிக்கு இவ்வளவு

"இலை நீங்க குடுத்தது, ஓட்டைக்கு நானா பொறுப்பு?"

இன்று திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடல் பக்கம், இலை கொடுத்துச் சுற்றிய பீடியை வாங்கிக்கொள்ளும் ஒரு பீடிக்கடை வாசலில் மதினி ஒருத்தி கேட்டது. பீடியைச் சரிபார்க்கும் செக்கர் வாயே திறக்கவில்லை, ஒரு பீடிக்கட்டை உருவிக் கழிவில் போட்டுவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விட்டார்.

கழித்த பீடிக்குக் கூலி கிடையாது. போதாக்குறைக்கு, கடையில் தரும் இலை ஆயிரம் பீடிக்குக் காணாவிட்டால் மிச்சத்தைக் கைக்காசு போட்டு வெளியில் வாங்க வேண்டும், எங்கள் பக்கத்தில் பீடி சுற்றும் எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள்.

குறைந்தபட்சக் கூலியை ஏற்றலாமா என்று டிவியில் சண்டை போடுகிறவர்கள் நாள்கூலியை மட்டுமே பேசுகிறார்கள். இங்கே ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதுதான் கூலி. அதிகபட்சம் ஐந்து வருடத்துக்குள் கூலியைப் பரிசீலித்து, தேவையானால் திருத்த வேண்டும் என்றது 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டம், 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே ஐந்து வருடம்தான். சரி, திருத்தட்டும்.

கூலி ஏறினால் முதலாளி வேலையைக் குறைத்துவிடுவார் என்கிறார்கள். அந்தப் பயம் பொய்யில்லை, பீடி குடிக்கிற இளவட்டங்களை இப்போது எங்கே பார்க்க முடிகிறது? ஆனால் கூலி ஏறாத காலத்திலும் வாரத்தில் சில நாள் இலையே தராத கடைகளை நான் பார்த்திருக்கிறேன்.

என்னைக் கேட்டால், கூலியை ஏற்றும்போதே கொடுத்த இலையின் எடையையும் கழித்த பீடியின் எண்ணிக்கையையும் பீடி சுற்றுகிறவரின் கணக்கு எழுதும் பாஸ் புத்தகத்தில் எழுத வைக்க வேண்டும். இல்லையென்றால் ஏற்றிக் கொடுத்ததை அப்புறம் கழிவில் பிடித்துக்கொள்வார்கள்.