சம்பந்தரின் பட்டியலும் சித்தப்பாவின் மரமும்

திருகோணமலைக்கு வருகிறவர்கள் கோணேசர் கோயில், கன்னியா, நிலாவெளி என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவார்கள். நான் இந்த முறை போனது மரம் பார்க்க. சம்பந்தர் கோணமாமலைப் பதிகத்தில் பொழிலைச் சொல்லும் இடத்தில் எட்டுப் பெயர்களை மூச்சுவிடாமல் அடுக்குகிறார்: மௌவல், மாதவி, புன்னை, வேங்கை, செருந்தி, செண்பகம், குருந்து, முல்லை. 1,300 வருசத்துக்குப் பிறகு இதில் எத்தனை கண்ணில் படும் என்று ஒரு ஆசை. போனில் குறித்துக்கொண்டு விடிய வவுனியாவில் பஸ் ஏறினேன்.

துணைக்குச் சித்தப்பா. அந்த ஊர் ஓடாவி, வள்ளம் கட்டும் தச்சர். இப்போது உளி பிடிப்பதில்லை, ஆனால் மரத்தைக் கண்டால் கை தானாகவே போய்த் தட்டிப் பார்க்கும்.

உள்துறைமுகப் பக்கம், ஒல்லாந்தர் காலத்துக் கடற்படை ஆணையாளரின் மாளிகையைத் திருத்தி, கடல் வரலாற்றுக்கு அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். தூண் வைத்த விறாந்தை, உயர்ந்த கூரை, வெளியே நல்ல நிழல். நான் உள்ளே போய் வந்தேன். சித்தப்பா வாசலோடு நின்றுவிட்டார். திரும்பி வந்தபோது மரத்தடியில் இருந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

அங்கேயே இருந்து பட்டியலை வாசித்தேன்.

“புன்னை கடற்கரையிலை நிக்குது. அந்த எண்ணெயைக் குங்கிலியத்தோடை காய்ச்சித்தான் வள்ளத்து இடுக்கு அடைப்பம். மற்றது சொல்லு பிள்ளை.”

“மௌவல்?”

“அது என்ன சாமான்?”

காட்டு மல்லிகை மாதிரி ஒரு கொடி என்றேன்.

“கொடியிலை ஓடாவிக்கு என்ன வேலை? சரி, சாவண்டலை இருக்கோ அதிலை?”

அந்த மரம் இல்லை என்றதும் முகம் சுருங்கிவிட்டது. சம்பந்தர் கடல் தாண்டி வரவேயில்லை, இராமேசுவரத்தில் நின்றே பாடினார் என்பார்கள் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். “அதுதானே, வந்து பாத்திருந்தா விட்டிருக்க மாட்டார்” என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. சம்பந்தர் அடுக்கியது பூக்களை. சித்தப்பா தேடியது பலகையை.

சாவண்டலையைச் சிங்களத்தில் ஹல்மில்ல என்பார்கள். ஆங்கிலேயரின் மர வியாபாரத்தில் அதற்குப் பெயரே ‘டிரிங்கோமலி வுட்’. லேசில் வெடிக்காது. எண்ணெய்ப் பீப்பாய்க்கும் வண்டிக்கும் போனது. சென்னைக் கரையில் துறைமுகம் இல்லாத காலத்தில் அலையைத் தாண்டிச் சரக்கு ஏற்றி இறக்கிய மசூலாப் படகுகளுக்கும் இங்கிருந்துதான் கப்பலேறியது. ஊர்ப் பெயரையே சுமந்துகொண்டு போன மரம், ஊரைப் பாடிய பதிகத்தில் இல்லை!

சித்தப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு காய்ந்த காயை எடுத்தார். அவருடைய ஒழுங்கையில் பொறுக்கியதாம். சுண்டுவிரல் நுனியளவு உருண்டை, அதைச் சுற்றி ஆறு இறக்கைகள், பழைய கடிதத் தாள் மாதிரி மெலிசாக, நரம்போடிய மண்ணிறம். மேலே எறிந்தால் சுழன்றுகொண்டே இறங்குகிறது. நாலைந்து தரம் எறிந்தேன், பிறகு சும்மா இருக்காமல் நகத்தால் பிளந்தேன். விதையில் பொன்னிறமாகப் பூனைமயிர்.

“தொடாதை!” என்று அவர் சொல்லும்போது தொட்டாயிற்று.

வெயில் தாழக் கோட்டைக்கு நடந்தோம். வாசற்கல்லில் இரட்டைக் கயல் செதுக்கியிருக்கிறது. போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். அப்படி வந்த பாண்டியர் மீன் வாசலிலேயே நின்றுவிட்டது. வாகனங்கள் ஹோர்ன் அடிக்க அடிக்கச் சித்தப்பா ஒதுங்காமல், மீன் செதுக்கின கோடுகளை ஒற்றை விரலால் காற்றில் இழுத்துப் பார்த்தார். “கல்லிலை பிழைச்சா ஒட்டேலாது” என்றார். அவ்வளவுதான். உள்ளே புள்ளிமான்கள் வாழைப்பழத் தோலுக்கு அடிபட்டுக்கொண்டிருந்தன. எந்தச் செடியை நட்டாலும் இவை விட்டுவைக்குமா தெரியவில்லை.

அன்றைய கணக்கு: புன்னை ஒன்று, பூக்காரம்மாவின் கூடையில் முல்லை ஒன்று. எட்டுக்கு இரண்டு. ஒன்பதாவதாகச் சாவண்டலையையும் எழுதச் சொல்லிச் சித்தப்பா பஸ் நிலையம்வரை நச்சரித்தார். எழுதத்தான் பார்த்தேன். ஹொரவப்பொத்தானை தாண்டியும் விரல் நுனி அரித்துக்கொண்டே இருந்ததில் போனைப் பிடிக்க முடியவில்லை.