கார்த்திகை முடிந்து மார்கழி

26.11.2020
ராத்திரி முழுக்கப் பேய்க்காத்து. நிவர் மரக்காணம் பக்கம் கரையைக் கடந்துடுச்சாம். இங்க வேலூர் சத்துவாச்சாரியில எங்க மாடித் தார்ப்பாய் யார் வீட்டு மேல கிடக்குதோ. காலைல பத்து மணி வரைக்கும் கரண்ட் இல்ல. செல்போன் டார்ச் அடிச்சு, ஆக்சிஜன் அளவு பாக்கற மெஷினை அத்தை விரல்ல மாட்டிப் பாத்தேன். 95.

28.11.2020
பாலாத்துல தண்ணி! இவரும் பாப்பாவும் விருதம்பட்டு பாலம் வரைக்கும் போய் வீடியோ எடுத்துகினு வந்தாங்க. தண்ணியை விட வேடிக்கை பாக்கற கூட்டம்தான் அதிகம், பாதிப் பேருக்கு மாஸ்க் தாடையில. அத்தை அந்த வீடியோவை நாலு தடவை போடச் சொல்லிப் பாத்தாங்க. "மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறுன்னு கிண்டல் பண்றவங்களை இப்ப வந்து பாக்கச் சொல்லு." அப்புறம் கேட்டாங்க, "இது எங்கப் போய் விழுது?" சதுரங்கப்பட்டினம் தாண்டி வயலூர்கிட்ட கடல்ல சேருதுன்னு இவர் சொன்னார்.

"அதைப் பாக்கணும்."

காலைல 96. சாயந்திரம் 94. சாயந்திரம் எடுக்காமலே இருந்திருக்கலாம்.

29.11.2020
தீபம். இந்த வருஷம் திருவண்ணாமலையில கிரிவலம் கிடையாது, டிவியில பாத்துக் கும்பிட்டாச்சு. பாப்பா போன வாரம் ஆயாவுக்கு மருதாணி வச்சிருந்தா, நகமெல்லாம் செக்கச்செவேல்னு இருக்கு. ராத்திரி மாட்டினா 89. எனக்குக் கை காலெல்லாம் ஆடிப்போச்சு. மருதாணிக்குத்தானோன்னு கால் கட்டைவிரல்ல மாட்டினேன். 96. "காலைப் புடிக்காத, கூச்சமா இருக்கு"ன்னு அவங்க சிரிக்கறாங்க.

30.11.2020
டிசம்பர் 14லேர்ந்து கடற்கரைக்கு ஜனங்க போலாம்னு அறிவிச்சிட்டாங்க. பாப்பா காலண்டர்ல வட்டம் போட்டுட்டா.

3.12.2020
96.

5.12.2020
அந்த வளைகாப்புக்குப் போகாம இருந்திருக்கலாம். போன் பண்ணிச் சொல்லிட்டு விட்டிருந்தா யாரும் கோச்சிகிட்டிருக்க மாட்டாங்க. அஞ்சு நிமிஷம், வாசல்ல நின்னு வளையல் போட்டுட்டு வந்துடறேன்னு இவர்கிட்ட சொல்லிட்டுப் போனேன். அங்க போனதும் உக்கார வச்சிட்டாங்க. கலந்த சாதம், பக்கத்து இலைக்காரம்மா இருமல். நாலாம் நாள் எனக்கு லேசா உடம்பு வலி. எட்டாம் நாள் கொரோனான்னு அத்தையை ஸ்ட்ரெச்சர்ல ஏத்தினோம். வீட்டை விட்டு வெளிய போனது நான் ஒருத்திதான். இதை யாரும் இதுவரைக்கும் வாயைத் திறந்து சொல்லலை. சொல்லிட்டாங்கன்னா கூடத் தேவலாம்.

இப்ப தூங்கறாங்க. மூச்சு விடற சத்தத்தைக் கேட்டுகினு எழுதறேன்.

9.12.2020
மெரினாவுக்கா, சதுரங்கப்பட்டினத்துக்கா, வீட்ல பஞ்சாயத்து. மெரினால கூட்டம் மொய்க்கும். ஆகஸ்ட் வரைக்கும் வாலாஜாவுக்குப் போறதுக்கே இ-பாஸ் கேட்டாங்க. 2019ல மாவட்டத்தைப் பிரிச்சப்ப ராணிப்பேட்டை இப்படி வெளியூர் ஆகும்னு யார் நினைச்சா? இப்ப இவர் பாட்டுக்கு "மூணு மணி நேரம்தானே"ன்றார். அத்தை ஒரே பிடி: ஆறு விழற இடம்.

14.12.2020
டிவியில மெரினா. அலையில நிக்கறவங்களைப் பாத்தாலே எனக்கு எண்ணத் தோணுது, யார் யார் பக்கத்துல யார் யார்னு. 95.

20.12.2020
போயிட்டு வந்துட்டோம்.

விடியக்காலை அஞ்சு மணிக்குப் புளிசோறு, அவிச்ச வேர்க்கடலை, வெந்நீர் பிளாஸ்க், அப்புறம் என் பர்ஸ்ல அந்த மெஷின். காஞ்சிபுரம் தாண்டி வாலாஜாபாத், செங்கல்பட்டு வழி. திருக்கழுக்குன்றத்துல அத்தை எழுந்து, "கழுகு வந்துச்சா?"ன்னாங்க. அது வர்றது நின்னு எத்தனையோ வருஷமாச்சுன்னார் இவர். "அப்ப பொங்கலை யார் துன்றாங்க?"

சதுரங்கப்பட்டினத்துல டச்சுக்காரங்க கோட்டையோட செங்கல் மதிலைத் தாண்டினா மணல்தான். கூட்டமே இல்ல. ரெண்டு படகு, வலை பின்னிகினு ஒரு பெரியவர், சாக்கு மேல காயற நெத்திலி. அத்தை செருப்பைக் கழட்டிக் கையில புடிச்சிகினு நேரா தண்ணிக்குப் போயிட்டாங்க. மூணாவது அலை முட்டிக்கு மேல வந்துச்சு, அப்படியே உக்காந்துட்டாங்க. புடவையெல்லாம் மண்ணு. சிரிச்சாங்க, சிரிப்பு இருமலாச்சு, இருமல் நிக்கலை.

நான் ஓடிப்போய் விரல்ல மாட்டினேன். நம்பரே வரலை. வெறும் கோடு, ரெண்டு சின்னக் கோடு. கழட்டி மாட்டினேன். மறுபடியும் கோடு.

"இன்னாம்மா, நான் செத்துட்டேன்னு சொல்லுதா உன் டப்பா?"

விரல் ஐஸ் மாதிரி, ஈரம் வேற. முந்தானையில துடைச்சு, ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு உரசினேன். விரல் நுனி சுருங்கி, ரேகைக்குள்ள மண்ணு. மருதாணி நகத்தோட முனையில மட்டும் மிச்சம் இருக்கு. எவ்வளவு நேரம் உரசினேனோ. 96. நேத்து வந்த அதே 96.

அவங்க கையை இழுத்துக்கலை. கடலைப் பாத்துகினே கேட்டாங்க: "அந்த வளைகாப்புப் பொண்ணுக்கு இன்னா கொழந்தை?"

"தெரியலை அத்தை."

"இத்தினி நாள் கேக்கலையா? நல்லாருக்குது உங்க சொந்தம். போன் பண்ணு."

வலை பின்ற பெரியவர்கிட்ட ஆறு எங்கன்னு இவர் கேட்டார். தெக்கால கையைக் காட்டினார். வண்டியில போயிடலாம், பக்கம்தான்னு இவர் சொல்றதுக்குள்ள அத்தை, "பசிக்குது"ன்னுட்டாங்க. அவ்வளவு அடம் புடிச்சது எதுக்கோ! புளிசோத்துல நறநறன்னு மண்ணு. யாரும் துப்பலை.

21.12.2020
எனக்குத்தான் இடுப்பு வலி. அவங்க ஜம்முன்னு இருக்காங்க. 95.

23.12.2020
புதுவருஷத்துக்குக் கடற்கரையெல்லாம் மூடறாங்களாம், 31ம் 1ம். போனது நல்லதாப் போச்சு.

27.12.2020
போன் பண்ணேன். ரெண்டு தடவை ரிங் போச்சு, எடுக்கலை. கொழந்தை தூங்கற நேரமா இருக்கும். எடுத்தா முதல்ல என்ன சொல்றதுன்னு யோசிச்சிகினே வேலையெல்லாம் பாத்தேன்.

மணி பதினொண்ணு. இன்னிக்கு நம்பரே எடுக்கலை. காலைலயும் எடுக்கலை, சாயந்திரமும் எடுக்கலை. அத்தை தூங்கிட்டாங்க. எழுப்பினா திட்டுவாங்க.