டிரோன் புரோகிராம் கோட வேற சைட்டுக்கு மாத்துறதுக்குள்ள ரெண்டு வாரம் ஓடிப்போச்சு

நானும் புதுச்சேரி லாஸ்பேட்டைல இருக்க என் ஃபிரெண்டும் சேந்து 2017லேர்ந்து ஒரு குவாட்காப்டர், அதாவது நாலு விசிறி டிரோன், கட்டிக்கிட்டு இருக்கோம், கட்டி முடிச்சாச்சான்னு மட்டும் கேக்காதீங்க. 450 எம்எம் ஃபிரேம், டிரோன பறக்க வைக்கிற பிக்ஸ்ஹாக் போர்டு, அதுல ஓடுற ஆர்டுபைலட்ங்கற ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேர எடுத்து எங்களுக்குத் தேவையான மாதிரி கொஞ்சம் கை வச்சது, தரையில பேட்டரி வோல்டேஜ் பாக்க ஒரு ஈஎஸ்பி8266 வைஃபை சிப் டப்பா. மாமனாருக்குப் பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்பு இருக்கு, எங்க டிரோன் விடலாம்னு காட்டுற அரசாங்க டிஜிட்டல் ஸ்கை மேப்ல பச்சையான்னு ஒருவாட்டி பாத்துட்டு அங்க போய் விடுவோம். லாஸ்பேட்டைல ஏர்போர்ட்டே இருக்கறதால அவன் வீட்ல பேட்டரி சார்ஜ் போடுறதோட சரி.

ஐப்பசி மழை ஆரம்பிச்ச நேரம், கோடு வச்சிருந்த இடத்துலேர்ந்து மெயில் வந்துச்சு, இலவச பிளான் முடியுது, 30 நாளுக்குள்ள எடுத்துக்கோங்கன்னு. கோடு சேத்து வைக்கிற இன்னொரு சைட்டான கிட்ஹப்புக்கு மாத்திடலாம்னு முடிவு பண்ணி நான் பாட்டுக்கு ஜிப் டவுன்லோட் பண்ணி வச்சிட்டு வேலை முடிஞ்சுதுன்னு நிம்மதியா இருந்தேன். "டேய், ஜிப்ல இன்னைக்கு இருக்க கோடு மட்டும்தாண்டா வரும், ஏழு வருஷ ஹிஸ்டரி யாரு குடுப்பா?"ன்னு அவன் போன்ல கத்துனப்புறம்தான் உறைச்சுது. அப்புறம் கோட்ல பண்ற ஒவ்வொரு மாத்தத்தையும் பதிஞ்சு வைக்கிற கிட் டூல்ல, காப்பி எடுக்கற குளோன் கட்டளைக்கு மிரர் ஆப்ஷன் போட்டு எடுத்தேன், பிராஞ்ச், டேக் எல்லாம் மொத்தமா வந்துடும்.

லாகின்ல ஒரு மணி நேரம் போச்சு. 2021 ஆகஸ்ட் 13லேர்ந்து கிட்ஹப்ல புஷ் பண்ண, அதாவது கோட மேல ஏத்த, பாஸ்வேர்டு செல்லாது, அதுக்குப் பதிலா சைட்ல வாங்குற டோக்கனோ நம்ம மெஷின்ல உருவாக்குற எஸ்எஸ்ஹெச் கீயோ வேணும், அது தெரியாம அதே பாஸ்வேர்டையே திரும்பத் திரும்ப அடிச்சிட்டு உக்காந்திருந்தேன்.

அடுத்து புஷ். பாதில எங்க கடலூர் மஞ்சக்குப்பத்துல கரண்ட் போச்சு, மோடமும் படுத்துடுச்சு. கிட் புஷ் பாதில நின்னா விட்ட இடத்துலேர்ந்து தொடராது, மறுபடி மொதல்லேர்ந்துதான். மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டு ராத்திரி ஒரு மணி வரைக்கும் முழிச்சிருந்து கடைசில பாத்தா ரிஜெக்டட். 100 எம்பிக்கு மேல ஒரே ஃபைல் இருந்தா கிட்ஹப் வாங்காது, எங்க ரெப்போல (கோடும் ஹிஸ்டரியும் சேந்த மூட்டை) 143 எம்பிக்கு ஒரு ஃபிளைட் லாக், டிரோன் பறந்தப்ப பதிஞ்ச ஃபைல். அத 2018லயே டெலீட் பண்ணியாச்சேன்னு தேடுறேன், ஃபோல்டர்ல இல்லதான், ஆனா ஹிஸ்டரில அப்படியே குந்தியிருக்கு. வீட்ட காலி பண்றப்ப பரண்லேர்ந்து இறங்குமே ஓட்டப் பானை, அது மாதிரி.

ஹிஸ்டரிலேர்ந்தே தூக்க கிட் ஃபில்டர்-ரெப்போன்னு ஒரு டூல் இருக்கு. லாக் ஃபைல் பேரெல்லாம் டாட் பின்ல (.bin) முடியும், அதனால டாட் பின் அத்தனையும் தூக்குன்னு ஒரே வரில சொல்லிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, நொடில முடிச்சிடுச்சு. பில்ட் போட்டா, அதாவது கோட போர்டுல ஓடுற ஃபைலா மாத்தப் பாத்தா, போர்டு ஆன் ஆனதும் மொதல்ல ஓடுற பூட்லோடர காணோங்குது! ஆர்டுபைலட் கோடுக்குள்ள டூல்ஸ் ஃபோல்டர்ல ஒவ்வொரு போர்டுக்கும் பூட்லோடர் ஃபைல் இருக்கு, அதுவும் டாட் பின்னுதான். அதவிடப் பெரிய கூத்து என்னன்னா, அந்த ஃபைல சேத்த பழைய கமிட் (ஹிஸ்டரில ஒவ்வொரு மாத்தத்தோட பதிவு) எல்லாம் மாறிப்போச்சு, அதுக்கு மேல இருக்க அத்தனை கமிட்டோட ஐடியும் மாறிப்போச்சு, இனி ஒரிஜினல் ஆர்டுபைலட்லேர்ந்து அப்டேட் இழுத்தா ரெண்டும் ஒட்டவே ஒட்டாது. மிரர் காப்பி தனியா ஒண்ணு இருந்துச்சோ பொழச்சேன். அதுலேர்ந்து புதுசா குளோன் எடுத்து, இந்தவாட்டி நாங்க போட்ட லாக் ஃபோல்டர் பேர மட்டும் சொல்லித் தூக்கினேன்.

தூக்குறதுக்கு முன்னாடி ஒரு லாக திறந்து பாத்ததும் நல்லதாப்போச்சு. ஹோம் பொசிஷன், அதாவது டிரோன் கிளம்புன இடத்தோட அட்சரேகை, 11.7ன்னு ஆரம்பிச்சு ஏழு டெசிமல் வரைக்கும் நிக்குது, மேப்ல போட்டா எங்க வீட்டு மொட்டைமாடி, தண்ணி டேங்க் பக்கத்துல. பப்ளிக் ரெப்போல அது போயிருந்தா விலாசம் எழுதி ஒட்டின மாதிரிதான். ஈஎஸ்பி டப்பா கோட்ல வைஃபை பாஸ்வேர்டும் அப்படியே இருந்துச்சு, அத அழிச்சதோட விடாம பாஸ்வேர்டையும் மாத்திட்டேன், ஏற்கனவே குளோன் எடுத்தவங்ககிட்ட பழசு இருக்குமே. "என்னங்க டிவி ஓடல"ன்னு வீட்ல சத்தம், அது தனிக்கதை.

எல்லாம் முடிஞ்சுதுன்னு அவனுக்கு லிங்க் அனுப்புனா அவன்கிட்ட பில்ட் ஆகல, என்கிட்ட ஆகுது. அரை நாள் சண்டை. சப்மாட்யூல்தான் காரணம், அதாவது ரெப்போக்குள்ள இழுத்து வச்சிருக்க இன்னொரு ரெப்போ. டிரோனும் தரையும் பேசிக்கறதுக்கான மேவ்லிங்க் கோடுக்கு நாங்க வச்சிருந்த காப்பியோட விலாசம் டாட் கிட்மாட்யூல்ஸ் ஃபைல்ல பழைய இடத்தையே காட்டிட்டு இருந்துச்சு, என் மெஷின்ல ஏற்கனவே இறங்கியிருந்ததால எனக்குத் தெரியல. அந்த காப்பியையும் ஏத்தி, விலாசத்த மாத்தி, சப்மாட்யூல் சிங்க் குடுத்ததும் அவனுக்கும் ஓடிச்சு. இடம் மாத்துனா வேற ஒரு மெஷின்ல காலி ஃபோல்டர்ல குளோன் எடுத்துப் பாக்காம பழச மூடாதீங்க.

இஷ்யூஸ், அதாவது குறை எழுதி வைக்கிற லிஸ்ட், அது மட்டும் கிட்டோட வராது, அது கோடுல இல்ல, அந்த சைட்டோட டேட்டாபேஸ்ல இருக்கறது. 38 இருந்துச்சு, ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் உக்காந்து கையாலயே காப்பி பண்ணோம். நம்பர் நாலு 2017ல அவன் போட்டது, "டேக்ஆஃப் ஆனதும் யாவ் தானா சுத்துது, உன் கோடு தப்பு"ன்னு. கீழ மூணு நாள் கழிச்சு அவனே எழுதியிருக்கான், "மோட்டார் மவுண்ட் ஸ்க்ரூ லூஸ், க்ளோஸ்". அதையும் ஒரு எழுத்து மாத்தாம ஏத்தியாச்சு.